கப்பலுக்கு ஒரு மூக்கு ஆபரேஷன்!

சரக்கு இறக்கிய பெரிய கன்டெய்னர் கப்பலின் முன்பக்கம், அடியில் பாருங்கள். வீங்கிய மூக்கு மாதிரி ஓர் உருண்டை துருத்திக்கொண்டு நிற்கும். அழகுக்காக அல்ல, எரிபொருளை மிச்சப்படுத்த. கப்பல் ஓடும்போது அதன் முன்பக்கம் அலை எழுப்புகிறது. அந்த அலைக்குப் போகும் சக்தி முழுக்க வீண். மூக்கும் தனியாக ஓர் அலை எழுப்பும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் அடங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் இந்த வித்தை பலிக்கும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, செலவைக் குறைக்கக் கப்பல்கள் மெதுவாக ஓடத் தொடங்கின. வேகத்துக்காகச் செய்த மூக்கு சரிப்படவில்லை. டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் பல கப்பல்களின் மூக்கை வெட்டியெடுத்து, புதிது பொருத்தியது.

புது மூக்கின் வடிவத்தை எப்படி முடிவு செய்வது? கணினியில் கப்பலை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஆனால், ஒருமுறை ஓட்டவே பல மணி நேரம் ஆகும். கப்பல் உடம்பில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றையும் துளி நகர்த்தி, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தால் முடிகிற வேலையா?

இங்கேதான் ‘அட்ஜாயின்ட்’ முறை கைகொடுக்கிறது. கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். ‘இந்த இடத்தை மாற்றினால் தண்ணீரின் எதிர்ப்பு குறையுமா?’ என்று கேட்காமல், ‘இந்த எதிர்ப்புக்கு எந்தெந்த இடம் எவ்வளவு காரணம்?’ என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். கிட்டத்தட்ட அதே அளவிலான இன்னொரு கணக்கு போட்டால் போதும். எல்லாப் புள்ளிகளுக்கும் பதில் வந்துவிடும். இங்கே அமுக்கு, அங்கே இழு என்று ஒரு வரைபடமே கிடைக்கும். (சரக்குக்கான இடத்தைக் குறைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பலையே ஊசியாக்கிவிடும்!)

விமான இறக்கைகளுக்கு 1980-களிலேயே இந்த வழியைக் காட்டியவர் ஆன்டனி ஜேம்சன். விமானத்தைச் சுற்றி வெறும் காற்று. கப்பலுக்கோ கீழே தண்ணீர், மேலே காற்று. தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. ஒரே கோட்டில் இவ்வளவு பெரிய தாவல் வந்தால் பின்னோக்கிய கணக்கு தடுமாறும். ஜெர்மனியின் ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்னோக்கிய கணக்கில் மட்டும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் மங்கலாக்கினார்கள். துல்லியம் சற்றுக் குறையும்தான். ஆனால், கணக்கு பாதியில் கவிழாது. நல்ல பேரம்!

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஒரே வேகத்தை மட்டும் நம்பி இப்போது பெரும்பாலும் மூக்கு செய்வதில்லை. வருடத்தில் எத்தனை நாள், எந்த வேகத்தில், எவ்வளவு சரக்கோடு கப்பல் ஓடப்போகிறது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் கணினியைத் திறக்கிறார்கள்.