முறைப்பாடு செய்ய முடியாதோரின் பாதுகாப்பு

கனடாவின் வான்கூவர் நகரில் வறிய பகுதியொன்றிலிருந்து பெண்கள் பல ஆண்டுகளாகக் காணாமற் போய்க்கொண்டிருந்தனர். அநேகமானோர் பாலியல் தொழிலில் ஈடுபட்டவர்கள். பலர் பூர்வீகக் குடியினர். உறவினர் செய்த முறைப்பாடுகள் உரிய கவனத்தைப் பெறவில்லை. அத்தகைய அலட்சியம் எப்படிப்பட்டது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2002 பெப்ரவரியில் ரொபேர்ட் பிக்டன் என்பவர் கைதானதன் பின்னர், அவரது பன்றிப் பண்ணையில் 33 பெண்களின் உடற்பாகங்கள் அல்லது மரபணுத் தடயங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆறு கொலைகளுக்காக 2007 டிசெம்பரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொலைஞனின் கொடூரம் பற்றிப் போதியளவு எழுதப்பட்டுவிட்டது. எம்மை உறுத்துவது வேறொன்று. 1997 மார்ச்சிலேயே ஒரு பெண் அப்பண்ணையிலிருந்து கத்திக்குத்துக் காயங்களுடன் உயிர்தப்பியிருந்தார். பிக்டன் மீது கொலை முயற்சிக் குற்றச்சாட்டும் சுமத்தப்பட்டது. ஆனால், போதைப்பொருளுக்கு அடிமையான அப்பெண்ணின் சாட்சியத்தில் தங்கியிருக்க முடியாதெனக் கருதப்பட்டு 1998 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது. பின்னாளில் எந்த ஆறு பெண்களின் கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டாரோ, அந்த அறுவருமே அத்தாக்குதலுக்குப் பின்னர் காணாமற் போனவர்கள்.

2013 டிசெம்பரில் கனேடிய உயர் நீதிமன்றம் பாலியல் தொழில் தொடர்பான மூன்று சட்ட ஏற்பாடுகளை ஏகமனதாகச் செல்லுபடியற்றவையாக்கியது. தெருவில் பேரம் பேசுவது குற்றமாக இருந்ததால், வருபவர் மது அருந்தியுள்ளாரா, ஆயுதம் வைத்துள்ளாரா என நின்று நிதானிக்கும் சில நிமிடங்கள்கூட அப்பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பாதுகாவலரையோ சாரதியையோ அமர்த்தினால் அவரும் குற்றவாளி. நிரந்தரமான ஓரிடத்தில் தொழில் செய்வதும் குற்றம். அச்சில நிமிடங்கள் ஒரேயொரு பெண்ணையாவது பிக்டனின் வாகனத்தில் ஏறாமல் தடுத்திருக்குமாயின், சட்டத்தின் தீங்கு எத்துணை பாரதூரமானது என்பதற்கு அதுவே போதுமென நீதிமன்றம் கருதியது. மறு ஆண்டே அந்நாடு பாலியல் சேவையை வாங்குவதைக் குற்றமாக்கியது வேறு கதை.

இலங்கையில் நிலைமை என்ன? பணத்துக்காகப் பாலுறவு கொள்வதை மாத்திரம் குற்றமாக்கும் தனிச்சட்டம் இங்கில்லை. எனினும், ஆங்கிலேயர் 1841 இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889 இன் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும் இப்பெண்களுக்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டு வந்துள்ளன. தாக்கப்பட்டவள் பொலிஸ் நிலையம் சென்றால் முதலில் விசாரிக்கப்படுவது அவளது ஒழுக்கமே.

இத்தொழிலை நாம் நியாயப்படுத்த முற்படவில்லை. எமது இரு சமூகங்களின் சமய நெறிகளும் அதனை ஏற்பதில்லை. ஆயினும், யுத்தம் விதவைகளாக்கிய பெண்களும், கடன்காரருக்குப் பதில் சொல்ல முடியாத பெண்களும் இதற்குள் தள்ளப்படுகையில், நெறியைக் காட்டி அவர்களது உயிரைக் கைவிட முடியுமா?

அறிமுகமற்ற ஒருவரைத் தனியிடத்தில் சந்திக்கச் செல்பவர் எவராயினும், எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் கூறிவிட்டுச் செல்வதே முதற்பாதுகாப்பு. முதலில் பொதுவிடமொன்றில் சந்தித்துப் பேசுவதும், சந்தேகம் தோன்றினால் பணத்தைப் பாராது திரும்பிவிடுவதும் அவ்வாறே. கைத்தொலைபேசி வழியே சந்திப்புகள் ஏற்பாடாகும் இக்காலத்தில் இது மேலும் அவசியம். ஆனால், சகோதரிக்கும் அயலவருக்கும் பொலிஸாருக்கும் ஒருசேர அஞ்சுபவள் யாரிடம் கூறுவாள்? பொலிஸ் நிலையங்களிலுள்ள சிறுவர் மற்றும் பெண்கள் பணியகங்கள், முறைப்பாட்டாளரின் தொழிலை வினவாது தாக்குதலை மாத்திரம் பதிவுசெய்யுமாறு பணிக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றறிக்கையே போதுமானது.