சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: படப்பைப் பக்கத்தில் கீரையும் வெண்டையும் பயிரிடுகிறோம். விடியற்காலையில் எங்கள் குட்டியானையில் ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவோம். போன வாரம் மண்ணிவாக்கம் அருகே வரும்போது மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. கவனிக்காமல் ஓட்டிவிட்டோம். சரக்கை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து வீடு வந்தோம். மறுநாள் பறித்த கீரை வீட்டிலேயே வாடிப்போனது. புது பேட்டரி போடச் சொல்கிறார்கள். இருப்பதை வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். விளக்கில் பேட்டரி படம் இருந்தாலும், ‘பேட்டரி கெட்டுவிட்டது’ என்று அது சொல்வதில்லை. ‘பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை’ என்றுதான் பெரும்பாலும் சொல்கிறது. கிணற்று மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காலியானால், புதுத் தொட்டி கட்டிப் பயனில்லை. பேட்டரிதான் தொட்டி, மோட்டாரின் வேலையைச் செய்வது டைனமோ (ஆல்டர்னேட்டர்). டைனமோவைக் கவனிக்காமல் புது பேட்டரி போட்டால், அதுவும் சீக்கிரமே இறங்கிவிடும்.

கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் பல்பு அல்லது ஒயர் போயிருக்கலாம். பல பழைய டைனமோக்களுக்கு முதல் மின்சாரம் இந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எனவே அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

2. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, டைனமோ பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தாலோ, வெடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, வழவழப்பு இருந்தாலோ பெல்ட் வழுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று சத்தம் வந்தால் அதுவும் பெல்ட் வழுக்குவதன் அறிகுறி.

3. பேட்டரி டெர்மினல்களில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால், முதலில் மைனஸ் ஒயரையும் பிறகு பிளஸ் ஒயரையும் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, மாட்டும்போது பிளஸ்ஸை முதலில் மாட்டுங்கள். இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். கழுவும் நீர் பேட்டரி அறைகளுக்குள் போகக் கூடாது.

4. மல்டிமீட்டர் உள்ளவரிடம் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி, இரவு முழுக்க ஓய்ந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் குறை டைனமோ பக்கம். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஓடும்போது 14 வோல்ட் காட்டி, நன்றாகச் சார்ஜ் ஏற்றியும் காலையில் இறங்கிவிட்டால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் வண்டியில் எங்காவது மின் கசிவு உள்ளதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

டைனமோவில் குறை என்றாலும் முழு டைனமோவையும் மாற்ற வேண்டியதில்லை. பல வண்டிகளில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர், டயோடு போயிருக்கும். அவற்றை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மாற்றலாம்.

வழியில் விளக்கு எரிந்தால்: ஓரமாக நிறுத்தி, முதலில் பெல்ட்டும் இன்ஜின் சூட்டு முள்ளும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பல வண்டிகளிலும் டிராக்டர்களிலும் அதே பெல்ட்தான் ரேடியேட்டர் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் ஓட்டக் கூடாது. இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் வரை செலவு வைக்கும். பெல்ட் சரியாக இருந்தால், ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பக்கத்து எலக்ட்ரீஷியன் கடை வரை போகலாம். நடுவில் இன்ஜினை நிறுத்தினால் மறுபடி எடுக்காமல் போகலாம். இரண்டு ஹெட்லைட் மட்டுமே சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய டீசல் இன்ஜின் மின்சாரம் குறைந்தாலும் ஓடும், பெட்ரோல், சி.என்.ஜி., புதுவகை டீசல் வண்டிகள் நின்றுவிடும். இருட்டில் விளக்கில்லாமல் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்பது ஒரு லோடு கீரையைவிடப் பெரிய ஆபத்து. எனவே விடியும்வரை காத்திருப்பதே நல்லது. அல்லது சரக்கை வேறு வண்டியில் மாற்றி அனுப்பலாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ‘சார்ஜ் ஏறுகிறதா’ என்று பார்க்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அப்போது எழும் அதிக வோல்ட், டயோடையும் கம்ப்யூட்டர் பாகங்களையும் எரித்துவிடும்.

கேள்வி: எங்கள் வீடு முடிச்சூரில். மழைநீர் வண்டிக்குள் ஏறி வடிந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியது நினைவிருக்கும். நீர் புகுந்த இன்ஜினைச் சுற்றினால் உள்பாகங்கள் வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்ஜினோடு டைனமோவையும் பிரித்துக் கழுவி உலர்த்தச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய சேறு பேரிங்கையும் பிரஷ்ஷையும் தின்றுவிடும். சில வாரம் கழித்து அதே சிவப்பு விளக்கு எரியும்.

கேள்வி: பழைய பேட்டரியின் ஆசிட்டை வரப்போரம் கொட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது கந்தக அமிலம். அதில் ஈயமும் கலந்திருக்கும். மண்ணில் சேர்ந்த ஈயம் எளிதில் போகாது. கீரை வழியாக உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கே வரும். பேட்டரியைத் திறக்காமல், சாய்க்காமல், வாங்கிய கடையில் கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற வழி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். கேட்டு வாங்குங்கள்.