பஸ் மாடலில் தமிழைக் கொல்லாதீங்க மக்களே

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவங்க ஒரு லைக் போட்டுட்டுப் போயிரலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

நம்ம பக்கத்துப் பையன்கள் சிலர் ஃபோரெக்ஸ் ஷீட்லயும் சன்போர்டுலயும் பஸ் மாடல் செய்து படம் அனுப்புறாங்க. பின்பக்க ஏணி, ஜன்னல் ஷட்டர், டிரைவர் சீட்டுக்குப் பின்னால இருக்கிற கம்பி வரை அப்படியே இருக்கு. பார்த்தா கை தட்டத் தோணும். அப்புறம் கண்ணு பெயர்ப்பலகைக்குப் போகும். அங்கே ‘நேசமணி’யில் கொம்பு கழன்று, பக்கத்தில் புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம். ‘நாகர்கோவில்’ல ர் தலையில் புள்ளியைக் காணோம். கேட்டா, “ரேடியம் கடையில வெட்டினது சார், பொம்மைதானே” என்று பதில்.

பொம்மைதானே! இந்த ஒரு சொல்லோடதான் எனக்குச் சண்டை.

நேசமணி யாரு? திருவிதாங்கூர்த் தமிழர்கள் தாய்த் தமிழகத்தோட சேரணும்னு போராடின இயக்கத்தின் தலைவர். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் இந்தப் பக்கம் வந்ததே அந்தப் போராட்டத்தால. அவர் பெயரைத் தமிழே தெரியாத ஒரு கட்டிங் மெஷின் வெட்டித் தரும், அதை நாம வாங்கி ஒட்டுவோமா?

1980களில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து பிரிஞ்சு வந்ததுதான் நேசமணி போக்குவரத்துக் கழகம். 1997ல் தலைவர்கள் பெயரை எல்லாக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துட்டுது. சாதிச் சண்டை மூண்ட நேரம், எடுத்ததைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. ஆனா அந்தப் பெயரைச் சுமந்த பஸ்கள் பெயின்ட் மாறி ஓடி, பிறகு காயலாங்கடைக்குப் போயிட்டு. இன்றைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘நேசமணி’ன்னு எழுதின பஸ்ஸைப் பார்க்கணும்னா மாடல்லதான் பார்க்கணும். அதிலும் தப்பா எழுதினா அந்தப் பிள்ளைக்கு அதுதான் சரித்திரம்.

டாமியா, ஏர்ஃபிக்ஸ் கம்பெனிக்காரன் விமானக் கிட் வித்தா, கூடவே டிகால் தாளும் வைப்பான். எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் என்று அந்த ஊர் ரசிகர்கள் ஒரு எண்ணுக்காக மாசக்கணக்கில் சண்டை போடுவாங்க. நம்ம கட்டபொம்மன் பஸ்ஸுக்கு எவனும் டிகால் அடிச்சு விற்கப் போறதில்லை. அப்ப வீட்டில் நாமதான் செய்யணும். வேற வழி இல்லை.

ரேடியம் ஏன் ஆகாது? கணக்குப் போடுங்க. 1:32 மாடலில், நிஜத்தில் 5 செ.மீ. உயர எழுத்து ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதில் ஒரு புள்ளியை எந்தக் கத்தி வெட்டும்? ஸ்டிக்கர் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலே, நிஜ பஸ்ஸில் 3 மி.மீ. தகடு ஆணியடிச்ச மாதிரி துருத்தும். அதே ஒன்றரை மில்லிமீட்டர் எழுத்தை 600 டி.பி.ஐ.யில் அச்சடிச்சா உயரத்துக்கு 35 புள்ளி கிடைக்கும். புள்ளியும் சுழியும் தெளிவா நிற்கும். 300ல் அடிச்சா பாதிதான், மங்கிப் போகும்.

முறை ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்லை. டிகால் தாள்ல பசைப் பூச்சு இருக்கும், அதன்மேல் மெல்லிய படலம், அந்தப் படலத்துலதான் அச்சு. இங்க்ஜெட் மை தண்ணியில் கரையும். அதனால அச்சு காய்ந்ததும் கிளியர் லாக்கரை மெல்லிசா இரண்டு மூணு தடவை ஸ்ப்ரே பண்ணணும், ஒவ்வொரு தடவையும் காயவிடணும். எழுத்தை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான தண்ணியில் அரை நிமிஷம் போட்டு, மாடல் மேல வழுக்கி இறக்கணும். ஒட்டுற இடம் முன்கூட்டியே பளபளப்பா இருக்கணும், இல்லேன்னா அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்த மாதிரி தெரியும். நம்ம வீட்டு பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து வேணும்னா, வெள்ளை டிகால் தாளில் கறுப்புப் பின்னணியை மட்டும் அடிச்சு, எழுத்து இருக்கிற இடத்தைச் சும்மா விட்டுருங்க. தாளே எழுத்தாயிரும்.

இதைவிடப் பெரிய வழக்கு எழுத்து வடிவம். 1978ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து 13 எழுத்துகள் உருமாறின. அதுக்கு முன்னால தக்கலையின் ‘லை’க்கும் களியக்காவிளையின் ‘ளை’க்கும் தலையில் தும்பிக்கை உண்டு. உங்க அப்பா, அம்மா அப்படித்தான் எழுதிப் படிச்சாங்க. கட்டபொம்மன் கழகம் 1974ல் தொடங்கினது. அந்த முதல் வருஷங்களின் பஸ்ஸைச் செய்து, கம்ப்யூட்டர் ஃபான்டில் ‘தக்கலை’ன்னு அடிச்சு ஒட்டினா அது பச்சைப் பொய். அதே பஸ்ஸில் டி.என்.74 நம்பர் போட்டவனும் இருக்கான்! அந்த எண் முறை 1980களின் கடைசியில்தான் வந்தது.

“ஃபான்டு கிடைக்கல சார்” என்கிறது சாக்கு. பெயின்டர் ஃபான்டு பார்த்தா எழுதினார்? பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணு, அதன்மேல கோடு இழு, எழுத்தை எழுத்தாக வைக்காம கோட்டுருவமா மாற்றிட்டு பிரின்ட் எடு. கொம்பு கழலாது, வட்டம் வராது. ஒரு சாயங்காலம் போதும். ஏணிக்கு மூணு நாள் செலவழிச்சவனுக்கு எழுத்துக்கு ஒரு சாயங்காலம் இல்லையா?

“எதுக்கு வம்பு, இங்கிலீஷ்ல டி.என்.எஸ்.டி.சி.ன்னு போட்டுட்டா முடிஞ்சுதே” என்று வாட்ஸ்அப்பில் எழுதின மருமகனுக்கு: முடிஞ்சுதுதான் மாப்பிளை, உங்க தமிழ்.

உங்க வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்க. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ எடுத்த படத்தில் பின்னால ஒரு பஸ் நிற்கும். பலகையில் தும்பிக்கை ‘லை’ தெரிஞ்சா ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்க. செல்போன்ல எடுத்து அனுப்பாதீங்க, ஸ்கேன். கூடவே எந்த வருஷம்னு எழுதுங்க.