மண்டபமா, களப்பா?

பறவை நோக்குவோர் எங்கே கூடவேண்டும்? ஆண்டுதோறுமா, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையா? பொழுதுபோக்காளர் எங்கு கூடினால் என்ன என்று கேட்போரும் உளர். ஆயின், ஓர் இயக்கம் யாருக்குரியது என்பதை அது கூடும் இடமும் காலமுமே தீர்மானிக்கின்றன.

இத்துறையில் இலங்கைக்கு நீண்ட மரபுண்டு. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் களப் பறவையியல் குழு உருவாயிற்று. இவற்றின் பணி போற்றற்குரியது. எனினும், மாநாடு என்றதும் தலைநகர் மண்டபத்தையே நாடும் மனப்பாங்கு ஏற்கத்தக்கதன்று. போக்குவரத்து எளிது, வசதி மிகுதி, செலவு கருதி மூன்றாண்டுக்கொருமுறை கூடினாற் போதும் என்பனவே அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள்.

இந்நியாயங்கள் புத்தளக் கரையில் நிலைக்கமாட்டா. தலவில புனித அன்னம்மாள் திருவிழா ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது. வசதி கருதி அதனைக் கொழும்புக்கு மாற்றுமாறு எவரும் கேட்டதில்லை. பக்தர் கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் கூடாரமடித்துத் தங்குகின்றனர். பறவைகளின்பால் பற்றுடையோர் ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டிரவு தங்க இயலாதோ?

காலத்தையும் பறவைகளே வகுத்துள்ளன. வடபுலத்திலிருந்து வலசை வருவன ஆண்டின் பிற்பகுதியில் வந்து, ஏப்ரல் அளவில் மீள்கின்றன. 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுவது இதனாலேயே. தைப்பொங்கலையொட்டிய அந்நாட்களிலேயே ஆண்டுக் கூட்டமும் அமையவேண்டும். மூன்றாண்டுக்கொருமுறை பார்ப்பவன் இழப்பைக் காண்பானேயன்றி, அது எப்போது, எதனால் நேர்ந்தது என்பதை அறியான்.

இப்பகுதியில் அவ்வறிவு இன்றியமையாதது. 1980களிலிருந்து புத்தளம், முந்தல் களப்புகளின் ஓரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் அழிந்தன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபின் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. அவற்றின் வெறுங்குளங்கள் இன்றும் கிடக்கின்றன. இம்மாற்றங்களை நாள்தோறும் கண்டவர் உடப்பு, கற்பிட்டி மீனவரும் உப்பளத் தொழிலாளருமே. அவர்தம் மொழியில், அவர்தம் ஊரில் நிகழாத மாநாட்டில் அவர்தம் சாட்சியம் எவ்வாறு இடம்பெறும்?

ஒரு மறுப்பு மட்டுமே மதித்து விடையிறுக்கத்தக்கது. ஆட்கூட்டம் பறவைக்கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பது அது. உண்மையே. ஆகவே ஒரே கரையில் நூற்றுவர் திரளுதல் தகாது. கணக்கெடுப்பைப் போலவே சிறு குழுக்களாகப் பிரிந்து, புத்தளம் உப்பளங்களிலும் முந்தல் களப்பிலும், 2001 இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பெற்ற ஆனைவிழுந்தாவக் குளங்களிலும் ஒரே காலையில் நோக்கலாம். கூடுகட்டும் இடங்களை அணுகாதிருக்கலாம். மாலையில் ஓரிடத்தில் கூடிக் கண்டவற்றை மீனவரோடு ஒப்புநோக்கலாம். பறவைகளைக் கலைப்பது இடமன்று, ஒழுங்கின்மையே.

தலைநகரில் கூடுவோர் பறவைகளைப் பற்றிப் பேசுவர். களப்போரம் கூடுவோர் அவற்றைக் காப்போரையும் தேடிக்கொள்வர். ஆண்டுக்கொருமுறை, தை மாதத்தில், களப்பின் கரையில் கூடுவதே முறை. அதற்கு மனமில்லாதோர் பறவைகளை விடுத்து நாற்காலிகளை எண்ணட்டும்.