குளிருக்குப் பயந்து புகையைக் குடிக்காதீங்க!

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி இரவு என்றால் மைனஸ் 20 டிகிரி சர்வசாதாரணம். பேஸ்மென்ட்டில் சால்டரிங், லேசர் கட்டிங் என்று பொழுதுபோக்குப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அப்போது ஒரு ஆசை வரும்: ஜன்னலைச் சாத்திவிட்டு கார்பன் ஃபில்டரை நம்பிவிடலாமே, சூடாவது மிச்சம்!

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சால்டரிங் புகை என்றதும் எல்லோரும் ஈயத்தைச் சொல்வார்கள். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. ஆஸ்துமாவைக் கொண்டுவருவது ஃப்ளக்ஸில் உள்ள ரோசின் புகை. லேசரில் மரம் வெட்டினால் கார்பன் மோனாக்சைடும் வரும். அதை கார்பன் ஃபில்டர் பிடிக்காது. வெளியேற்றுவதுதான் வழி.

சரி, செலவு? மணிக்கு 340 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், பதிலுக்கு வரும் மைனஸ் 20 காற்றை பிளஸ் 20க்குச் சூடாக்க சுமார் 4.5 கிலோவாட் வேண்டும். அதிகம்தான். ஆனால் அறை முழுவதையும் ஏன் காலி செய்யணும்? சால்டரிங்குக்குப் புகை கிளம்பும் இடத்திலேயே சின்ன ஹூட் வைத்து உறிஞ்சினால், இதைவிட மிகக் குறைந்த காற்றில் வேலை முடியும். வேலை நேரத்தில் மட்டும் ஓடினால் போதும்.

ஒன்றை மறக்காதீங்க. வெளியே போகிற அளவு காற்று உள்ளேயும் வரணும். இறுக்கமான வீட்டில் வழி விடாவிட்டால், பழைய கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்று இறங்கும், கார்பன் மோனாக்சைடோடு. அதனால் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும், அலாரமும் இருக்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம், தப்பில்லை.