பாங்காங், மானசரோவர் போறவங்க முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொஞ்சம் நீளமான இழை. உங்க வீட்ல யாராச்சும் இந்த சீசனுக்கு லடாக், கயிலாயம்னு கிளம்புறதா இருந்தா அவங்களுக்கும் அனுப்பி விடுங்க. சண்டை போடத்தான் எழுதுறேன், அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

திண்டிவனம், விழுப்புரம் வாட்ஸ்அப் குரூப்கள்ல இப்ப ரெண்டு மாதிரி விளம்பரம் சுத்துது. ஒண்ணு, "5 நாள் 4 இரவு. சென்னை, டெல்லி, லே. பாங்காங் ஏரிக்கரையில் டென்ட், இரவு கேம்ப் ஃபயர்." இன்னொண்ணு, "ஹெலிகாப்டரில் மானசரோவர், கயிலாய தரிசனம். தமிழ் பேசும் வழிகாட்டி. நம்ம ஊர் சமையல்காரர் உடன் வருவார்." சாம்பார் கிடைக்கும்னு எழுதியிருக்கான். வெந்நீர் கிடைக்கும்னு எழுதியிருக்கான். எந்த ராத்திரி எத்தனை மீட்டர் உயரத்துல நம்மளப் படுக்க வைக்கப் போறான்னு ஒரு வரி கிடையாது. என் சண்டை அந்த ஒரு வரிக்குத்தான்.

நாம எங்க இருந்து கிளம்புறோம்னு முதல்ல பாருங்க. திண்டிவனத்துல பஸ் ஏறினா மரக்காணம் கடல் கூப்பிடு தூரம். விழுப்புரமும் கடல்மட்டத்தை ஒட்டின சமவெளிதான். லே நகரம் 3,500 மீட்டர். பாங்காங் ஏரி 4,200க்கு மேல. மானசரோவர் கிட்டத்தட்ட 4,590. கயிலாயத்தைச் சுத்தி வர்ற 52 கிலோமீட்டர் பாதையில டோல்மா லா கணவாய் 5,600ஐத் தாண்டும். நம்ம செஞ்சி ராஜகிரிக் கோட்டை இருக்கே, ஏறும்போது பாதியிலயே உக்காந்து தண்ணி குடிப்போமே, அதோட உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். ஒரு ராஜகிரி மேல இன்னொரு ராஜகிரின்னு அடுக்கினா, மானசரோவர்க் கரையைத் தொட 19 ராஜகிரி வேணும். இந்த 19ஐயும் விமானத்துலயும் ஹெலிகாப்டர்லயும் ரெண்டு, மூணு நாள்ல தாண்டிடறோம்.

"அங்க ஆக்சிஜன் கம்மி"ன்னு எல்லாரும் சொல்வாங்க. காத்துல ஆக்சிஜன் பங்கு அங்கயும் 21 சதவீதம்தான். குறையறது காத்தோட அழுத்தம். அழுத்தம் குறைஞ்சா ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் குறையும். நம்ம ஊர்ல 100 பங்கு கிடைக்குதுன்னா லேயில சுமார் 65, மானசரோவர்க் கரையில 57, டோல்மா லாவுல பாதி.

உடம்பு இதைச் சமாளிக்கும், சமாளிக்கத் தெரிஞ்ச உடம்புதான். முதல்ல வேகமா, ஆழமா மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமா வெளிய போய் ரத்தத்தோட காரத்தன்மை ஏறும். உடனே மூளை "போதும், மூச்சைக் குறை"ன்னு பிரேக் போடும். அந்தப் பிரேக்கை எடுக்கிறது சிறுநீரகம். பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர்ல தள்ளி ரத்தத்தைச் சரி பண்ணும். அதுக்கு மணிக்கணக்கு பத்தாது, நாள்கணக்கு வேணும். நீங்க எவ்வளவு காசு கட்டினாலும் உங்க கிட்னி அந்த வேலையை 5 நாள் பேக்கேஜுக்குள்ள முடிச்சுத் தராது.

இதை நான் கண்டுபிடிக்கல. 1962 சீனப் போரப்போ சமவெளியில இருந்த நம்ம ஜவான்களை அவசரமா மேல ஏத்தினாங்க. மலை நோய்ல விழுந்த 1,925 பேரைப் பத்தி நம்ம ராணுவ டாக்டர்கள் 1969ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல எழுதினாங்க. உலகம் பூரா மலை மருத்துவம் படிக்கிறவங்க இன்னைக்கும் அதைப் புரட்டுறாங்க. இப்ப ராணுவத்துல வழக்கம் என்ன தெரியுமா? 9,000 அடியில இருந்து 12,000 அடிக்குள்ள 6 நாள். அதுக்கு மேல 15,000 அடி வரைக்கும் இன்னும் 4 நாள். அதையும் தாண்டணும்னா மறுபடி 4 நாள். இருபது, இருபத்தஞ்சு வயசு, தினம் ஓடுற உடம்பு, அவனுக்கே மொத்தம் 14 நாள். 58 வயசு, சுகர், பிரஷர் மாத்திரை, ரிட்டயர்மென்ட் பணத்துல முதல் தடவையா விமானம் ஏறுற நம்ம ஆளுக்கு ரெண்டு ராத்திரி!

உடனே வர்ற பதில்: "டாக்டர், நான் மாசாமாசம் திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் செருப்பில்லாம சுத்துறவன்." இன்னொருத்தர், "வீடூர் அணைக்கரையை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தினம் நடக்கிறேன் சார், மூச்சே வாங்காது." ரொம்ப நல்லது, விடாம நடங்க. உங்க இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனா மலை நோய்க்கும் உங்க ஸ்டாமினாவுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லப்போனா திடகாத்திரமான பையன்தான் முதல்ல மாட்டுவான். "எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு வேகமா ஏறுவான், தலைவலியை வெளிய சொல்ல மாட்டான். கூட வர்ற பெரியவர் உக்காந்து உக்காந்து வந்து தப்பிச்சிடுவார்.

என்ன ஆகும்னு சொல்லிடுறேன். மேல போய் 6 மணி நேரத்துல இருந்து ஒரு நாளைக்குள்ள தலைவலி வரும். கூடவே குமட்டல், அசதி, தலைசுத்தல். பஸ்ல போனது ஒத்துக்கல, வெயில், சாப்பாடு சரியில்லன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. உயரத்துல வர்ற தலைவலி, வேற காரணம் நிரூபணம் ஆகுற வரைக்கும் மலை நோய்தான். அது குறையாம மேல ஒரு அடி கூட ஏறக்கூடாது.

அடுத்த கட்டம் ரெண்டு வழியில போகும். ஒண்ணு மூளை வீக்கம். ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், கூப்பிட்டா சரியா பதில் வராது. குடிச்ச மாதிரி இருப்பார். தரையில ஒரு கோடு இருக்கிறதா வச்சுக்கிட்டு, குதிகாலை முன்னங்காலோட ஒட்டி ஒட்டி வச்சு பத்தடி நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த ராத்திரியே கீழ இறக்குங்க.

இன்னொண்ணு நுரையீரல்ல நீர் கோர்க்கிறது. பெரும்பாலும் ரெண்டாவது ராத்திரியை ஒட்டி வரும். முதல்ல வறட்டு இருமல். அப்புறம் நாலு அடி நடந்தா மூச்சு வாங்கும், அப்புறம் சும்மா உக்காந்திருந்தாலே வாங்கும். முத்திப் போச்சுன்னா ரோஸ் கலர்ல நுரை. திரும்பி வந்து என்கிட்ட கதை சொல்ற பலர் "சளி புடிச்சுக்கிச்சு சார், இருமல் டானிக் குடுத்தாங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எல்லாம் சளி இல்ல. தப்பிச்சவங்க கீழ இறங்கினதால தப்பிச்சாங்க, டானிக்கால இல்ல.

வைத்தியம்னு விக்கிறதுல பாதிக்கு மேல ஏமாத்து. பச்சைக் கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு மோந்து பாக்கறது: மூக்கு சில்லுன்னு இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாது. பூண்டு: ரசத்துல போடுங்க. கையடக்க ஆக்சிஜன் கேன்: சின்ன டப்பாவுல இருக்கிறது சில நிமிஷத்துக்குத்தான், தொடர்ந்து இழுத்தா படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள காலி. கொரோனாவுல வாங்கி வச்ச விரல் மீட்டரையும் எடுத்துட்டுப் போறாங்க. 4,500 மீட்டர்ல நல்லா இருக்கிறவருக்கே எண்பத்து சொச்சம் காட்டலாம். அதைப் பார்த்து ஒருத்தர் பயந்து அழுவார், இன்னொருத்தர் தலைவலியோட "எனக்கு 88 இருக்கே"ன்னு மேல ஏறுவார். ரெண்டும் தப்பு. மீட்டரை விட ஆளைப் பாருங்க.

அசிடசோலமைடுன்னு ஒரு மாத்திரை இருக்கு, டயமாக்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது உண்மையிலயே வேலை செய்யும், கிட்னி பண்ற அந்த வேலையைச் சீக்கிரப்படுத்தும். ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். விரல் நுனி மதமதன்னு இருக்கும், சோடா குடிச்சா நல்லாவே இருக்காது, பயப்பட வேணாம். ஆனா கிட்னி பிரச்சினை, சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. பக்கத்து சீட்காரர் குடுத்தார்னு முழுங்காதீங்க. மாத்திரை போட்டாச்சுன்னு நாளைக் குறைச்சுக்கவும் கூடாது. தூக்க மாத்திரையும் சரக்கும் அங்க வேணவே வேணாம், தூக்கத்துல மூச்சைக் குறைக்கும்.

நம்ம பெண்கள் விஷயம் தனியா சொல்லணும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 5ன்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு பெண்கள்ல பாதிக்கு மேல, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்கிற சரக்கே குறைவு. ஈ.சி.ஜி. எடுப்பாங்க, ஹீமோகுளோபின் பாக்க மாட்டாங்க. முதல்ல அதைப் பாருங்க. இன்சுலின் போடுறவங்க, குளிர்ல உறைஞ்ச இன்சுலின் வீண். சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சுக்கங்க.

சரி, எப்படித்தான் போறது? போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. 3,000 மீட்டருக்கு மேல, படுக்கிற இடத்தோட உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்துல கூடுதலா ஒரு ராத்திரி தங்கணும். பகல்ல எவ்வளவு உயரம் போனோம்ங்கறதை விட ராத்திரி எங்க படுக்கிறோம்ங்கறதுதான் முக்கியம். அதனாலதான் கர்துங் லா 5,359 மீட்டர்ல பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுத்துட்டு 3,100ல இருக்கிற நுப்ராவுல போய்ப் படுக்கிறவன் பெரும்பாலும் பிழைச்சுக்கறான், பாங்காங் டென்ட்ல படுக்கிறவன் மூச்சுக்குத் திணறுறான். லே வரைக்கும் விமானத்துல போய் இறங்கினா முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்கச் சொல்லி லடாக் நிர்வாகமே சொல்லுது. ஓய்வுன்னா ஓய்வு. சாயங்காலம் சாந்தி ஸ்தூபி படிக்கட்டு ஏறுறது ஓய்வு இல்ல.

மானசரோவர்ல கணக்கு இன்னும் மோசம். மத்திய அரசு வழியா போறவங்களுக்கு டெல்லியில முழுப் பரிசோதனை, பி.எம்.ஐ. 25க்கு மேல இருந்தா இடம் கிடையாது, வயசு 70க்குள்ள. லிபுலேக் வழியில போனா குஞ்சியில மறுபடி பரிசோதனை, தேறலைன்னா அங்க இருந்தே திருப்பி அனுப்புவாங்க. 2025ல யாத்திரையை மறுபடி தொடங்கினப்போ மொத்தமே 750 பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் தனியார் மூலமா நேபாள வழி. நேபாள்கஞ்ச் நம்ம ஊர் மாதிரி சமவெளி. அங்க இருந்து சிமிகோட், ஹெலிகாப்டர்ல ஹில்சா, எல்லை தாண்டினா சில திட்டங்கள்ல மறுநாளே மானசரோவர்க் கரை. வானிலை கெட்டா இறக்கவும் ஹெலிகாப்டர் வராது. 2018 ஜூலையில ஆயிரத்துக்கும் மேல இந்திய யாத்திரிகர்கள் அந்த வழியில நாள்கணக்கா சிக்கிக் கிடந்தது ஞாபகம் இருக்கா? அதுல உயிர் போனவங்களும் உண்டு. விளம்பரத்துல அந்த ஜூலை இருக்காது.

"அங்கயே போய்ச் சேர்ந்தா புண்ணியம் டாக்டர்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றவங்க இருக்காங்க. ஐயா, உங்க நம்பிக்கையில நான் தலையிடல. நுரையீரல்ல நீர் கோர்த்துச் சாகறது தண்ணியில மூழ்கிச் சாகற மாதிரி, கரையில படுத்துக்கிட்டே. உங்களைத் தூக்கிட்டு இறங்கப் போறவன் ஒரு நேபாளத்துக் கூலித் தொழிலாளி. அவனுக்கும் அதே காத்துதான்.

எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். "ஒரு ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்"னு வந்து நிக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல, ஸ்டெதாஸ்கோப் கூட வைக்காம சீல் குத்தித் தர்ற கிளினிக்குகள் நம்ம ரெண்டு ஊர்லயும் இருக்கு. "உடல்தகுதி உடையவர்"னு எழுதினா எதுக்குத் தகுதி? ஆபீஸ்ல சேரவா, 5,600 மீட்டர் ஏறவா? அந்தக் காகிதத்தை ஏஜென்ட் பத்திரமா ஃபைல்ல வச்சுக்குவான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அது அவனைத்தான் காப்பாத்தும்.

அறநிலையத்துறைக்கும் ஒரு கோரிக்கை. மானசரோவர் போய்ட்டு வர்றவங்களுக்கு மக்கள் வரிப்பணத்துல மானியம் தர்றீங்க. தாராளமா தாங்க. கூடவே ஒரே ஒரு நிபந்தனை போடுங்க: ஒவ்வொரு ராத்திரியும் தங்கின இடத்தோட உயரம் எழுதின பயணத் திட்டத்தை விண்ணப்பத்தோட இணைக்கணும். அடுத்த சீசனே எல்லா ஏஜென்ட் நோட்டீஸ்லயும் மீட்டர் கணக்கு தானா அச்சாகும்.

"கூடுதலா ரெண்டு ராத்திரி சேர்த்தா ரேட் ஏறும் சார், ஆள் வர மாட்டாங்க"ன்னு ஒரு டிராவல்ஸ்காரர் என்கிட்ட நேர்லயே சொன்னார். ஏறும்தான். அந்தக் காசு லாட்ஜ்காரனுக்குப் போகணுமா, ஐ.சி.யூ.வுக்குப் போகணுமான்னு காசு கட்டுற ஆள்கிட்ட விலாவாரியா சொல்லிட்டு அவரையே முடிவு பண்ண விடுங்க.

இந்த சீசன்ல என்கிட்ட சர்டிஃபிகேட்டுக்கு வர்றவங்க ஆதார் அட்டையோட பயணத் திட்டத்தையும் எடுத்துட்டு வாங்க. ராத்திரி வாரியா ஊர்ப் பேரும் உயரமும் ஏஜென்ட்கிட்ட கேட்டு எழுதிட்டு வரணும். அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன், சொந்தக்காரங்களா இருந்தாலும்.