கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஓர் அறிவியல் பாடம்



பினாங்குத் தமிழ்ப்பள்ளிகள் ஜார்ஜ்டவுனுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும்போது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையும் அதில் இடம்பெறுவது வழக்கம். 1801-இல் தோன்றிய பள்ளிவாசல், குவான் யின் கோயில், அருகிலேயே மாரியம்மன் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவற்றை மாணவர்கள் பார்ப்பர், படம் எடுப்பர், பள்ளிக்குத் திரும்பித் திரட்டேடு தயாரிப்பர். வரலாறு, நன்னெறி ஆகிய இரு பாடங்களோடு அச்சாலையின் கதை முடிந்துவிடும்.

அச்சாலை ஓர் அறிவியல் கூடமும் ஆகும் என்பது என் கருத்து. குறிப்பாக, பொருளறிவியல், தொழிலகப் பொறியியல் ஆகிய இரு துறைகளின் அரிச்சுவடியை அங்கேயே கற்பிக்கலாம். ஒரு பொருள் ஏன் வளைகிறது, ஏன் உடைகிறது, எதனோடு சேர்த்தால் நமக்கு வேண்டிய தன்மையைப் பெறும் என ஆராய்வது பொருளறிவியல். ஆள், இயந்திரம், பொருள், நேரம் ஆகிய நான்கும் வீணாகாதவாறு ஒரு வேலையை ஒழுங்குபடுத்துவது தொழிலகப் பொறியியல். “பொறியியலாளர்” என்றதும் கணினியையும் கட்டடத்தையும் மட்டுமே நினைக்கும் நம் பெற்றோர்களுக்கு இவ்விரு துறைகளும் அவ்வளவாக அறிமுகமில்லை.

முதலில் அங்குள்ள பழைய கடைவீடுகளின் சுவரைப் பாருங்கள். அவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீர் ஊற்றி நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அப்பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் சுவரில் ஏறும் ஈரம் ஆவியாகி வெளியேறும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். வலிமை மிகுந்த பொருள் எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்னும் பாடம் இதில் இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காப்பதற்கு வரலாற்றறிவு மட்டும் போதாது. சுண்ணாம்பின் அறிவியலும் வேண்டும்.

அடுத்து நகைக்கடைகள். தூய பொன் 1064 பாகை செல்சியஸில் உருகும். அப்படியானால், ஒரு சங்கிலியின் இரு வளையங்களை நகையே உருகிவிடாமல் பொற்கொல்லர் எப்படி இணைக்கிறார்? பொன்னோடு வெள்ளியும் செம்பும் சேர்த்து, நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை ஒன்றைச் செய்கிறார். அதற்குப் “பொடி” என்று பெயர். இணைப்பில் மாசு படியாதிருக்க வெண்காரம் இட்டு, ஊதுகுழலால் ஊதுகிறார். “பொடி வைத்துப் பேசுகிறான்” என்று நாம் சொல்கிறோமே, அந்த வழக்கே இத்தொழிலிலிருந்து வந்ததாகச் சொல்வர்.

இதே தத்துவம்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் செயல்படுகிறது. 1972-இல் அங்குத் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனமும் அவ்வாண்டிலேயே வந்தது. மின்சுற்றுப் பலகையில் சில்லுகளைப் பற்றவைக்க நெடுங்காலம் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு பயன்பட்டது. வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும். ஆனால், 63-க்கு 37 என்னும் எடை விகிதத்தில் கலந்தால் 183 பாகையிலேயே கலவை உருகிவிடும்! இரண்டையும்விடக் கலவை எளிதில் உருகுவது வியப்பல்லவா?

காரீயம் நஞ்சு. ஆகவே, ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் நாளிலிருந்து மின்னியல் கருவிகளில் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. மாற்றாக வந்த கலவைகளுள் ஒன்று வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு கொண்டது. அது உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். கூடுதல் வெப்பத்தைப் பலகையும் சில்லும் தாங்குமா? இணைப்பு எத்தனை ஆண்டுகள் நிலைக்கும்? இவ்வினாக்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. நம் மாநிலத்திலேயே, நிபோங் திபாலில் 2001 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில், பொருள் மற்றும் கனிம வளப் பொறியியல் துறையினர் இத்தகைய காரீயமற்ற பற்றாசுகளை ஆராய்ந்து வருகின்றனர்.

மூன்றாவது, உணவு. பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடைக்கு “பெராத்தூர்” என்ற பெயரே நிலைத்துவிட்டது. மலாயில் அதற்கு வரிசையில் நிற்பது என்று பொருள். அந்த வரிசை ஓர் அருமையான கணிதப் பாடம். நமக்கு முன்னால் 12 பேர். ஒருவருக்கு 40 விநாடி. காத்திருக்கும் நேரம் 8 நிமிடம். சோறு போடுபவரும் பணம் வாங்குபவரும் வெவ்வேறு ஆளாக இருந்தால் நேரம் எவ்வளவு குறையும்? ஐந்தாம் ஆண்டு மாணவன் இதைக் கணக்கிடுவான். வரிசையின் நீளத்தையும் ஆட்கள் வந்து சேரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் இணைக்கும் விதியை ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-இல் நிறுவினார். தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசையை இன்றும் அவ்விதி கொண்டு ஆராய்கின்றனர்.

“தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. பொருள்களின் தன்மைகளும் துருப்பிடித்தலும் தொடக்கப்பள்ளி அறிவியலில் இடம்பெற்றவையே. நான் சொல்வது புதிய சுமையன்று. பாடநூலில் உள்ளதைச் சாலையில் காட்டுவது மட்டுமே.

“தமிழில் அறிவியல் கற்றால் பின்னால் தடுமாறுவார்களே?” என்பது மற்றொரு கேள்வி. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறிய காலத்திலிருந்து, 2016-இல் இருமொழித் திட்டம் வந்த பின்னரும், இக்கேள்வி ஓயவில்லை. பேராக்கின் சுரங்கங்களில் கிடைத்ததையும் “ஈயம்” என்றோம். நஞ்சாகிய உலோகத்தையும் “ஈயம்” என்றோம். ஆனால், வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு என நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. பொடி, வெண்காரம், நீற்றுதல் ஆகிய சொற்களும் நம் கைத்தொழில்களில் உள்ளவையே. தாய்மொழியில் ஒரு கருத்து தெளிந்துவிட்டால், அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் பிறகு கற்பது கடினமன்று.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் பொறியியல் வளாகத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் தோட்டப்புறத் தமிழர்கள் வாழ்ந்த மண். நம் முன்னோர் அங்குப் பால்மரம் சீவினர். இரப்பர் பாலின் தன்மையும் இன்று அதே வளாகத்தில் ஆய்வுப்பொருளாக இருக்கிறது. அடுத்த தலைமுறையில் நம் பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, உருப்பெருக்கியின் முன் அமர்ந்து கண் நோகச் சில்லு இணைத்தனர். மரம் சீவியதும் சில்லு இணைத்ததும் நம் கைகள். அப்பொருள்களை ஆராயும் இடத்திலும் நம் பிள்ளைகள் நிறைய வேண்டாமா? படிவம் நான்கில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது மட்டும் இதைப் பேசினால் காலம் கடந்துவிடும்.

ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் திரட்டேட்டின் ஒரு பக்கத்தையாவது “நான் கண்ட பொருள்கள்” என்று ஒதுக்குங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முன்னரே எழுதிக் கேட்டு, பல்கலைக்கழக வளாகத்திற்கும் மாணவர்களை அழைத்துச் செல்ல முயலலாம். பெற்றோர்களே, நகைக்கடைக்குச் செல்லும்போது, “இதை எப்படி ஒட்டினார்கள்?” என்று பிள்ளை கேட்டால், “சும்மா இரு” என்று அடக்காதீர்கள். பொற்கொல்லரிடமே கேட்கச் சொல்லுங்கள். அவர் மகிழ்வோடு விளக்குவார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.